ஃபிளாப்பியில் அடங்காத இன்ஸ்டாலேஷன் கோப்புகள்: எங்கே இடிக்கிறது, எப்படி ஏற்றுவது

டாஸ் 6.22, விண்டோஸ் 3.1 ஓடும் 386, 486 வகைப் பழைய கணினிகளில் பலவற்றுக்கு சிடி டிரைவ் கிடையாது, யூஎஸ்பி கிடையாது, நெட்வொர்க் கார்டும் இருக்காது. உள்ளே போக ஒரே வாசல் 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவ்தான். புது லேப்டாப்பில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவைச் செருகி, இறக்கி வைத்த மென்பொருளைப் போடப் போனால் 'இடம் போதவில்லை' என்று நின்றுவிடும். உடனே எல்லோரும் கோப்பை வெட்டத்தான் போகிறார்கள். பொறுங்கள். இதே செய்தி நாலைந்து வெவ்வேறு காரணங்களால் வரும். வெட்டுவது அதில் ஒன்றுக்குத்தான் தீர்வு. மற்றவற்றில் வெட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். இயந்திரத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் பைட் கணக்கு

அட்டையில் 1.44 எம்பி என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்: மொத்தம் 14,74,560 பைட். இதில் 33 செக்டர்களை, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட் அமைப்பு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது (பூட் செக்டர் 1, ஃபேட் அட்டவணை இரண்டு பிரதி சேர்த்து 18, மேல்மட்டக் கோப்புப் பட்டியலான ரூட் டைரக்டரி 14). மிச்சம் 14,57,664 பைட். வெறும் ஃபிளாப்பியில் நீங்கள் கோப்பு வைக்கக்கூடிய உச்ச வரம்பு இதுதான். இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பழைய இயந்திரத்தின் டிரைவ் 720 கேபி மட்டும் படிக்கும் வகையாக இருந்தால் வரம்பு 7,30,112 பைட். எக்ஸ்டி, 286 வகை இயந்திரங்களில் இதை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

ஃபிளாப்பி பூட் ஆகவும் வேண்டும் என்றால் இடம் இன்னும் குறையும். டாஸ் 6.22இல் சிஸ்டம் கோப்புகளோடு ஃபார்மேட் செய்தால் ஐஓ.சிஸ் 40,774, எம்எஸ்டாஸ்.சிஸ் 38,138, கமாண்ட்.காம் 54,645, டிஆர்விஸ்பேஸ்.பின் 66,294 என்று நான்கும் உட்கார்ந்துகொள்ளும். செக்டர் கணக்கில் 2,00,704 பைட் போய், 12,56,960தான் மிஞ்சும். டிஆர்விஸ்பேஸ்.பின் என்பது ஹார்டு டிஸ்கை அமுக்கி வைக்கும் வசதிக்கானது. அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் தயங்காமல் நீக்கலாம். மறைகோப்பு என்பதால் அட்ரிப் கட்டளையால் அதன் அடையாளங்களை எடுத்துவிட்டு நீக்க வேண்டும்.

கோப்பின் அளவைப் பாருங்கள்

கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'சைஸ்' என்ற வரியின் அடைப்புக்குள் இருக்கும் பைட் எண்ணைப் படியுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரியைப் பார்க்காதீர்கள். அது உங்கள் ஹார்டு டிஸ்கின் 4,096 பைட் கட்டங்களில் போட்ட கணக்கு. ஃபிளாப்பியின் கட்டம் 512 பைட்தான்.

எண் 14,74,560 என்று துல்லியமாக இருந்தால் அது சாதாரணக் கோப்பு அல்ல, முழு ஃபிளாப்பியின் இமேஜ், அதாவது செக்டர் விடாத நகல். புதிதாக வருபவர்கள் அதிகம் இடிபடும் இடம் இதுதான். அந்த ஐஎம்ஜி கோப்பை ஃபிளாப்பிக்குள் இழுத்துப் போட்டால் ஒருநாளும் அடங்காது. ஃபிளாப்பியின் மொத்த அளவும் அதன் அளவும் ஒன்று. கோப்பு வைக்கக் கிடைக்கும் இடமோ அதைவிட 16,896 பைட் குறைவு. அதை வெட்டவும் கூடாது, அமுக்கவும் கூடாது. செக்டர் செக்டராக ஃபிளாப்பியின் மேல் எழுத வேண்டும். விண்டோஸில் வின்இமேஜ் அல்லது ராரைட் இதைச் செய்யும். லினக்ஸில் டிடி கட்டளை போதும். பிளாக் அளவை 18கே என்று கொடுத்தால் ஒரு சிலிண்டர் ஒரு சிலிண்டராக எழுதும். எழுதுவதற்கு முன் டிரைவின் பெயரை இருமுறை பாருங்கள். டிடி எதையும் கேட்காது. தவறிப்போய் ஹார்டு டிஸ்கைக் காட்டினால் அதன் தொடக்கத்தை அழித்துவிடும்.

வேறு சில எண்களும் இமேஜுக்கே உரியவை. 7,37,280 என்றால் 720 கேபி ஃபிளாப்பி. 3,68,640 என்றால் 5.25 அங்குல 360 கேபி. 12,28,800 என்றால் 5.25 அங்குல 1.2 எம்பி. 29,49,120 என்றால் 2.88 எம்பி, இதைப் பெரும்பாலும் பூட் ஆகும் சிடிக்குள் வைப்பதற்காகத்தான் செய்திருப்பார்கள், சாதாரண டிரைவில் எழுத முடியாது.

17,20,320 என்ற எண் தனிச் சிக்கல். இது மைக்ரோசாஃப்டின் டிஎம்எஃப் வடிவம். அதே ஃபிளாப்பியில் டிராக்குக்கு 18க்குப் பதிலாக 21 செக்டர்களை நெருக்கி எழுதுவது. விண்டோஸ் 95 இப்படித்தான் 13 டிஸ்குகளில் வந்தது. முதல் டிஸ்க் மட்டும் சாதாரண 1.44, மற்றவை 1.68. உற்பத்திச் செலவும் குறைந்தது, டிஸ்க்காப்பி கட்டளையால் நகல் எடுக்கவும் முடியாமல் போனது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவை வைத்துக்கொண்டு இந்த வடிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த டிரைவ்கள் தமக்குள் பொதித்திருக்கும் ஒரு சில வடிவங்களைத் தவிர வேறு எதையும் எழுதாது. எந்த மென்பொருளைப் போட்டாலும் மாறாது. மதர்போர்டில் 34 பின் கேபிளால் இணைத்த அசல் டிரைவ் இருந்தால் வின்இமேஜ் எழுதித் தரும். இல்லையென்றால் இமேஜை 7-ஜிப்பில் திறந்து, உள்ளே இருக்கும் கேப் கோப்புகளை (மைக்ரோசாஃப்டின் அமுக்கிய கோப்பு வகை) வெளியே எடுத்து, கீழே சொல்லும் முறையில் ஹார்டு டிஸ்கின் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். ஐபிஎம்மின் எக்ஸ்டிஎஃப் வடிவத்துக்கும் (18,84,160 பைட்) இதே கதைதான்.

எல்லாம் சிறிய கோப்புகள், ஆனாலும் அடங்கவில்லை

கூட்டிப் பார்த்தால் 13 லட்சம் பைட்தான் வருகிறது, ஆனால் ஃபிளாப்பி மறுக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, ஒவ்வொரு கோப்பும் 512இன் மடங்காகத்தான் இடம் பிடிக்கும். 1 பைட் கோப்புக்கும் 512 பைட் போகும். 300 சிறு கோப்புகள் இருந்தால் சராசரியாக 75 கேபி இப்படியே வீணாகும்.

இரண்டு, ரூட் டைரக்டரியில் 224 வரிகள்தான் உண்டு. டிஸ்கின் லேபிளும் (ஒட்டிய தாள் அல்ல, டிஸ்குக்குள் பதிந்த பெயர்) அதில் ஒன்று. பெயர் 8 எழுத்து, புள்ளி, 3 எழுத்து என்ற பழைய முறையில் இருந்தால் கோப்புக்கு ஒரு வரி போதும். நீண்ட பெயர் வைத்தால் ஒவ்வொரு 13 எழுத்துக்கும் கூடுதலாக ஒரு வரி. 30 எழுத்துப் பெயருக்கு நான்கு வரி போய்விடும். அப்படி 55 கோப்புகளைப் போட்டாலே டைரக்டரி நிரம்பிவிடும். டிஸ்கில் பாதி இடம் காலியாகத் தெரியும், ஆனால் கோப்பை உருவாக்க முடியாது என்று செய்தி வரும். தீர்வு எளிது: ஃபிளாப்பியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போடுங்கள். 224 என்ற வரம்பு ரூட்டுக்கு மட்டும்தான்.

மூன்று, மறைந்து கிடக்கும் குப்பை. மேக் கணினி தன் பங்குக்குப் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை விட்டுச்செல்லும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 'அழித்தவை' ஃபிளாப்பியிலேயே குப்பைத்தொட்டி ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும். பழைய இயந்திரத்தில் டிர் கட்டளையோடு '/ஏ' சேர்த்துப் பார்த்தால் எல்லாம் வெளியே வரும். சந்தேகம் இருந்தால் ஃபார்மேட் செய்துவிடுவதே மேல்.

ஒரே கோப்பு, அதுவும் பெரிது: வெட்டி ஒட்டும் முறை

வெட்டும் வேலை இங்கேதான் வருகிறது. இரண்டு வழிகள் உண்டு. முதலாவது புதுக் கணினியில் 7-ஜிப் கொண்டு வெட்டி, டாஸின் காப்பி கட்டளையால் ஒட்டுவது.

1. மென்பொருள் ஃபோல்டரை 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தில் அமுக்குங்கள். முறை என்ற பெட்டியில் டிஃப்ளேட் இருக்க வேண்டும். பட்டியலில் அதை ஒட்டியே டிஃப்ளேட்64 இருக்கும். கை தவறி அதையோ எல்இசட்எம்ஏவையோ தேர்ந்தால் பழைய இயந்திரத்தில் ஜிப்பை விரிக்கும் டாஸ் நிரலான பிகேஅன்ஜிப் 2.04ஜி அதை விரிக்காது. கடவுச்சொல்லும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் எல்லாம் 8.3 முறையில்தானா என்றும் பாருங்கள்.

2. ஜிப் கோப்பின் பைட் அளவைத் தாளில் குறித்துவையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

3. 7-ஜிப் ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்பைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் ஸ்பிலிட் ஃபைல் என்பதை அழுத்துங்கள். அளவுப் பட்டியலில் 1457664 என்ற வரியே இருக்கும். ஆனாலும் கையால் 1425000 என்று தட்டுங்கள். காலியாக விடும் 32 ஆயிரம் பைட்டில் பிகேஅன்ஜிப் நிரலை ஒரு டிஸ்கில் கூடவே வைக்கலாம். எங்கேயாவது ஒன்றிரண்டு செக்டர் கெட்டிருந்தாலும் டிஸ்க் தப்பிக்கும். கடைசி பைட் வரை அடைப்பதில் எந்த லாபமும் இல்லை. 98 லட்சம் பைட் ஜிப்புக்கு இரண்டு கணக்கிலும் 7 டிஸ்க்தான் வரும்.

4. துண்டுகளின் பெயர் 'ஆப்.ஜிப்.001' என்பதுபோல் இரண்டு புள்ளிகளோடு வரும். டாஸில் இது ஒரு அலை வளைவோடு கூடிய விசித்திரப் பெயராகத் தெரியும். 'ஏ.001', 'ஏ.002' என்று மாற்றிவிடுங்கள். ஒற்றை எழுத்துப் பெயருக்கு வேறொரு காரணமும் உண்டு. அது 6இல் வரும்.

5. டிஸ்குக்கு ஒரு துண்டாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதுங்கள். பழைய இயந்திரத்தின் ஹார்டு டிஸ்கில் ஒரே ஃபோல்டருக்குள் வரிசையாக இறக்குங்கள்.

6. ஒட்டும் கட்டளை: காப்பி /பி ஏ.001+ஏ.002+ஏ.003 ஆப்.ஜிப். அந்த '/பி' இல்லாமல் ஒட்டினால் வேலை பாழ். கோப்புகளைச் சேர்க்கும்போது டாஸ் அவற்றை எழுத்துக் கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். எந்தத் துண்டிலும் 26 என்ற மதிப்புள்ள பைட் எதிர்ப்பட்டால், துண்டு அங்கேயே முடிந்ததாக நினைத்து மீதியை விட்டுவிடும். கட்டளை வரி 127 எழுத்தைத் தாண்டவும் கூடாது. சிறிய பெயர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 15 துண்டுக்கு மேல் போனால் இரண்டு தவணையாக ஒட்டுங்கள். எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியால் சேர்க்கும் குறுக்கு வழி வேண்டாம். டாஸ் எண் வரிசையைப் பார்ப்பதில்லை, டைரக்டரியில் கோப்புகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் ஒட்டும். மூன்றாம் டிஸ்கை இரண்டாவதற்கு முன் இறக்கியிருந்தால் ஜிப்பும் அப்படியே மாறிவிடும்.

7. டிர் அடித்து, குறித்துவைத்த பைட் எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் '/பி' விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். எண் சரியாக இருந்தால் பிகேஅன்ஜிப்பை '-டி' (ஆங்கிலத்தில் 20ஆம் எழுத்து) சுவிட்சோடு ஓட்டிச் சோதியுங்கள். தேறினால் துண்டுகளை நீக்கிவிட்டு, இன்னொரு '-டி' (4ஆம் எழுத்து) சுவிட்சோடு விரியுங்கள். இந்த இரண்டாவதை மறந்தால் உள் ஃபோல்டர்கள் உருவாகாமல் எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் வந்து விழும். அதன் பிறகு செட்டப் தன் கோப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்காது.

இந்த முறைக்கு ஹார்டு டிஸ்கில் இடம் நிறைய வேண்டும். ஒட்டும்போது துண்டுகளும் ஜிப்பும், துண்டுகளை நீக்கிய பிறகு ஒட்டிய ஜிப், விரித்த கோப்புகள், கடைசியில் நிறுவிய மென்பொருள் என்று மூன்றும் சேர்ந்து நிற்கும். 40 எம்பி ஹார்டு டிஸ்க் உள்ள இயந்திரத்தில் 10 எம்பி ஜிப்புக்கே திணறும்.

அப்படிப்பட்ட இயந்திரங்களுக்கு இரண்டாம் வழியான ஏஆர்ஜே என்ற அமுக்கும் நிரல் பொருத்தமானது. புதுக் கணினியில் டாஸ்பாக்ஸுக்குள் (டாஸ் நிரல்களை ஓட்டிக் காட்டும் மென்பொருள்) ஏஆர்ஜேயை ஓட்டி, 'வி1440' என்ற சுவிட்சோடு அமுக்கினால், அதுவே ஃபிளாப்பியில் அடங்கும் அளவுத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும்: முதலாவது ஏஆர்ஜே என்ற நீட்சியோடும், அடுத்தவை ஏ01, ஏ02 என்றும். விரிக்கும்போது ஒட்ட வேண்டியதில்லை. ஃபிளாப்பியிலிருந்து நேராக விரித்து, அடுத்த டிஸ்கைக் கேட்டு நிற்கும். ஒவ்வொரு துண்டையும் தனியே சோதிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஐந்தாம் டிஸ்க் கெட்டிருந்தால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். ஏஆர்ஜே நிரலை வேறொரு ஃபிளாப்பியில் கொண்டுபோய் முதலில் ஹார்டு டிஸ்கில் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு வழியைக் கற்றுக்கொள்ள நேரமுண்டு என்றால் இதையே கற்றுக்கொள்ளுங்கள்.

பிகேஜிப்பிலும் பல டிஸ்குகளில் பரப்பி எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லா டிஸ்கிலும் கோப்பின் பெயர் ஒன்றுதான். டிஸ்கின் லேபிளை வைத்துத்தான் எது எத்தனையாவது என்று கண்டுகொள்ளும். ஒரே ஃபோல்டருக்கு நகலெடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழியும். விரிக்கத் தொடங்கும்போதே கடைசி டிஸ்கைக் கேட்கும். புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

'இரண்டாம் டிஸ்கைப் போடு' என்று கேட்கும் செட்டப்

இறக்கிய மென்பொருளில் டிஸ்க்1, டிஸ்க்2 என்று ஃபோல்டர்கள் இருந்தால் அமுக்கவோ வெட்டவோ தேவையில்லை. ஒவ்வொரு ஃபோல்டரின் உள்ளே இருப்பதை மட்டும் ஒரு ஃபிளாப்பியின் ரூட்டில் போடுங்கள். ஃபோல்டரையே இழுத்துப் போட்டால் செட்டப் முதல் டிஸ்கில் ஓடும், இரண்டாவதைப் போட்டதும் 'சரியான டிஸ்க் இல்லை' என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சில செட்டப்கள் ரூட்டில் உள்ள ஒரு சின்ன அடையாளக் கோப்பைத் தேடும். அது 0 பைட் கோப்பாகக்கூட இருக்கலாம், 'காலிக் கோப்புதானே' என்று நீக்கிவிடாதீர்கள். வேறு சில டிஸ்கின் லேபிளைப் பார்க்கும். அசல் டிஸ்கின் லேபிள் தெரிந்தால் லேபிள் கட்டளையால் அதையே வையுங்கள்.

இதைவிட நிம்மதியான வழி, எல்லா டிஸ்குகளின் உள்ளடக்கத்தையும் ஹார்டு டிஸ்கின் ஒரே ஃபோல்டரில் கொட்டி அங்கிருந்து ஓட்டுவது. விண்டோஸ் 3.1 இப்படி நிறுவினால் டிஸ்க் மாற்றச் சொல்லாமலே முடித்துவிடும். இரண்டு டிஸ்குகளில் ஒரே பெயரில் வெவ்வேறு கோப்பு இருந்தால் மட்டும் இது ஒத்துவராது. நகலெடுக்கும்போது 'மேலெழுதவா' என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏ டிரைவிலிருந்துதான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் நிரலுக்கு சப்ஸ்ட் கட்டளையால் அந்த ஃபோல்டரையே ஏ டிரைவாகக் காட்டிப் பாருங்கள்.

தானாக விரியும் ஒற்றை இஎக்ஸ்இ கோப்பாக இருந்தால், வெட்டுவதற்கு முன் 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். உள்ளே டிஸ்க் வாரியாகப் பிரித்தே வைத்திருப்பது பல முறை நடக்கும்.

டிஸ்கே கெட்டிருந்தால்

இப்போது கிடைக்கும் ஃபிளாப்பிகள் எல்லாமே பழையவை. 7 டிஸ்க் வேண்டுமென்றால் 12 எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாஸில் ஃபார்மேட் கட்டளையோடு '/யு' சேர்த்து முழுமையாக ஃபார்மேட் செய்யுங்கள்; முடிவில் 'பேட் செக்டர்ஸ்' என்று ஒரு வரி வந்தால், எவ்வளவு சிறிய எண்ணாக இருந்தாலும், அந்த டிஸ்கை ஒதுக்குங்கள். இமேஜ் எழுதுவதற்கு அது உதவவே உதவாது.

லேப்டாப்பில் நன்றாகப் படிக்கும் டிஸ்க் பழைய இயந்திரத்தில் 'செக்டர் நாட் ஃபவுண்ட்' என்றால் இரண்டு டிரைவின் தலைகளும் ஒரே கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். படிக்கப்போகும் பழைய இயந்திரத்திலேயே ஃபார்மேட் செய்து, லேப்டாப்பில் கோப்பை மட்டும் எழுதிப் பாருங்கள். பல நேரம் சரியாகிவிடும். பழைய டிரைவின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைப்பதும் பலன் தரும்.

டிஸ்கின் ஒரு மூலையில் எழுதவிடாமல் தடுக்கும் சாளரம் இருக்கும். எதிர் மூலையிலும் துளை இருந்தால் அது 1.44; துளை இல்லையென்றால் 720 கேபி. துளையில்லாததில் துளை போட்டு 1.44 ஆக்குவது அந்தக் காலத்துச் சிக்கனம். காந்தப் பூச்சே வேறு என்பதால் அன்று எழுதியது சில மாதத்தில் படிக்காமல் போகும். இன்ஸ்டாலேஷன் டிஸ்குக்கு வேண்டாம்.

10 டிஸ்குக்கு மேல் தேவைப்பட்டால்

அப்போது ஃபிளாப்பியை விட்டுவிடுங்கள். 20 டிஸ்கில் 17ஆவது கெட்டால் வரும் எரிச்சலுக்கு அளவில்லை. பழைய டிரைவின் இடத்தில் அதே 34 பின் கேபிளில் பொருந்தும் கோடெக் என்ற ஃபிளாப்பி எமுலேட்டரை வைத்தால், பென் டிரைவிலிருந்து இமேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாம். ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற ஃபர்ம்வேரை ஏற்றினால் 1.68 டிஎம்எஃப் இமேஜ்களையும் எடுத்துக்கொள்ளும்.

இயந்திரத்தில் ஐடிஇ ஹார்டு டிஸ்க் இருந்தால், அதைவிட மலிவானது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் அதற்கான ஐடிஇ அடாப்டரும். கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, கோப்புகளை நேராக நகலெடுக்கலாம். டாஸ் 6.22 ஒரு பார்டிஷனை 2 ஜிபிக்கு மேல் கையாளாது, பல 386, 486 பயோஸ்கள் 504 எம்பிக்கு மேல் பார்க்காது. ஆகவே பெரிய கார்டு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். பார்டிஷனை எஃப்டிஸ்க் கொண்டும், ஃபார்மேட்டை ஃபார்மேட் கட்டளை கொண்டும் பழைய இயந்திரத்திலேயே செய்யுங்கள். லேப்டாப்பில் செய்தால் இரண்டு கணினிகளும் டிஸ்கின் சிலிண்டர், ஹெட் கணக்கை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, கார்டு பூட் ஆகாமல் நிற்கும்.